இலையில் எது எவ்வளவு? செட்டிநாட்டுச் சாப்பாட்டை விடாமலே சமச்சீராகச் சாப்பிடுவது

மதியம் ஒன்றரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிறோம். மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது. நாலு மணிக்கு ஒரு டீ, கூடவே ஒரு வடையோ நாலு பிஸ்கட்டோ. ஆறரைக்கு மறுபடியும் பசி. காரைக்குடி செக்காலையில் கடை வைத்திருப்பவர், தேவகோட்டையில் பாடம் நடத்தும் ஆசிரியர், வீட்டில் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று பலருக்கும் அன்றாடம் இப்படித்தான் போகிறது. இதோடு வருடத்துக்கு வருடம் இடுப்புச் சுற்றளவும் கூடிக்கொண்டே வருகிறது. சோர்வை ஒரு தொல்லையாகவும் எடையை வேறொரு தொல்லையாகவும் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பதில்.

சமச்சீர் உணவு என்றதும் ஓட்ஸ் கஞ்சி, பச்சைக் காய்கறிக் கிண்ணம், உப்பில்லாத கோழி என்று மனம் போய்விடுகிறது. அதெல்லாம் கட்டாயமில்லை. நம் ஊர்ச் சாப்பாட்டில் பருப்பு இருக்கிறது, மொச்சை இருக்கிறது, கீரை, வாழைத்தண்டு, முட்டை, மீன், கோழி, தயிர் எல்லாம் இருக்கின்றன. குறையென்று சொன்னால் அளவில்தான். அதிகம் இருக்க வேண்டியது ஓரத்தில் ஒரு கரண்டியாகவும், குறைவாக இருக்க வேண்டியது நடுவில் மலையாகவும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சமையலை அதிகம் மாற்றாமலேயே நிறையச் சரிசெய்யலாம்.

சாப்பிட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது

சோறு, இட்லி, இடியாப்பம், பரோட்டா எல்லாவற்றிலும் முக்கியமாக இருப்பது மாவுச்சத்து. குடலில் அது குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. நலமாக இருக்கும் ஒருவருக்கு வெறும் வயிற்றில் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் குளுக்கோஸ் இருக்கும். உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். கணக்குப் போட்டால், மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த அளவைத் தாண்டி ரொம்ப நேரம் ஏறி நிற்க உடம்பு விடாது.

அப்படியிருக்க, ஒரே வேளையில் 150 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போனால் என்ன ஆகும்? கணையம் இன்சுலினை நிறையச் சுரந்து, வரும் குளுக்கோஸைத் தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்புகிறது. கல்லீரலில் சேமிக்க முடிவது சுமார் 100 கிராம். தசைகளில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இடம் உண்டு. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரின் தசையில் அந்த இடம் காலியாவதே இல்லை. மிச்சம் கொழுப்பாகிறது. வேகமாக ஏறிய சர்க்கரை சிலருக்கு வேகமாக இறங்கவும் செய்கிறது. அந்த இறக்கத்தில்தான் சோர்வும், இனிப்பாக எதையாவது வாயில் போட வேண்டும் என்ற ஆசையும் வருகின்றன. பிற்பகலில் கொஞ்சம் மந்தமாவது உடம்பின் கடிகாரத்திலேயே உள்ள பழக்கம், எல்லோருக்கும் உண்டு. சோறு மட்டும் நிறைந்த சாப்பாடு அதை ஆழமாக்குகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்துபவை மூன்று. காய், கீரை, பயறு ஆகியவற்றின் நார்ச்சத்து, மாவுச்சத்து உடைந்து உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. பருப்பு, முட்டை, மீன், தயிர் தரும் புரதம் உணவு இரைப்பையை விட்டு நகர்வதைத் தாமதிக்கிறது, பசி அடங்கியிருக்கும் நேரத்தையும் நீட்டுகிறது. கொழுப்பும் தாமதிக்கும், ஆனால் அது கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரிதான். அதனால் எண்ணெய், நெய்யை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாவுச்சத்தோடு இந்த மூன்றும் சரியான அளவில் ஒரே வேளையில் சேர்வதைத்தான் சமச்சீர் என்கிறோம்.

நாலு தடவை சோறு

நம் ஊர் மதியச் சாப்பாட்டில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, காரக்குழம்புக்கோ கறிக்குழம்புக்கோ ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு குழம்பும் புதிதாகச் சோற்றைக் கேட்கிறது. மெஸ்ஸில் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம், வாளியோடு வந்து நிற்பார்கள்.

ஒரு தடவைக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றும் பெரிய அளவு இல்லை. நாலு தடவைக்கு 600 கிராம் சோறு. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து. ஆக, சோற்றில் மட்டும் 780 கலோரியும் 170 கிராமுக்கு அருகில் மாவுச்சத்தும் வந்துவிடுகின்றன. பக்கத்தில் ஒரு கரண்டி கூட்டு, ஒரு கரண்டி பொரியல், ஒரு அப்பளம்.

இப்போது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் தானியம் 250 கிராம். இது வேகாத எடை, இட்லி தோசை மாவில் போகும் அரிசியும் இதற்குள் அடக்கம். நாம் மேலே பார்த்த 600 கிராம் சோறு 210, 220 கிராம் அரிசியிலிருந்து வருவது. அதாவது மதியம் ஒரு வேளையிலேயே அந்த நாளின் தானியம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பருப்பு, பயறு 85 கிராம் வேண்டும் என்கிறது. ஒரு கரண்டி சாம்பாரில் அதில் சிறு பங்குகூட வராது. காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டையோ மீனோ கோழியோ எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 400 கிராமைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக் காய்ப்பையை நினைத்துப் பாருங்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ! அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி இரண்டு வேளை ஓட்டும் வீடுகள்தான் அதிகம். என்னைக் கேட்டால், இந்த ஒரு எண்ணைத்தான் அடுப்படிச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சரி, சோற்றை எப்படிக் குறைப்பது? ரசத்தை விடு, மோரை விடு என்று சொன்னால் யாருக்கும் நடக்காது. நாலு தடவையும் இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் பாதியாகட்டும். 600 கிராம் 300 ஆகிறது, 390 கலோரி குறைகிறது. குறைந்த இடத்தைக் காயாலும் பருப்பாலும் நிரப்ப வேண்டும், வெறுமனே விட்டுவிடக் கூடாது. வெறுமனே விட்டால் நாலு மணிக்குப் பசி அதைப் பிடுங்கிக்கொள்ளும். கூட்டைக் கரண்டியால் வைக்காமல் கிண்ணத்தில் வையுங்கள். ரசத்தைக் கடைசியில் வெறுமனே குடிக்கலாம். மோரும் அப்படியே.

வரிசையையும் கொஞ்சம் மாற்றலாம். முதலில் பொரியலும் கூட்டும் பாதி, கூடவே முட்டையோ சுண்டலோ, அப்புறம் சோறு. காயும் புரதமும் முதலில் போய், மாவுச்சத்து கடைசியில் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் வேறு. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் இன்னும் நல்லது. வேலை செய்யும் தசை குளுக்கோஸை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்துச் சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. வெயில் நேரத்தில் வெளியே போக முடியாவிட்டால் முகப்பிலிருந்து பின்கட்டுவரை நாலு நடை நடக்கலாம்.

காரம் மேல் பழி போட வேண்டாம்

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மசாலா, அதனால் உடம்புக்கு ஆகாது என்றொரு பேச்சு வெளியூர்களில் உண்டு. மிளகும் சீரகமும் சோம்பும் கல்பாசியும் யாரையும் குண்டாக்குவதில்லை. வயிற்றுப் புண் இருப்பவர்கள் காரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், அது தனி. கவனிக்க வேண்டியது "எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு" என்ற அந்த வரியைத்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுதான். வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க எளிய வழி, மாதத்துக்கு வாங்கும் எண்ணெய்தான். நாளைக்கு 27 கிராம் என்றால் ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு, நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்றரை லிட்டர். அதற்கு மேல் போனால் எங்கோ ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

நம் சமையலில் எனக்கு மிகவும் பிடித்த சமச்சீர் உணவு மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, வெண்டைக்காயோடு மொச்சையைச் சேர்த்துச் செய்வது. ஒரே பாத்திரத்தில் காயும் பயறும் வந்துவிடுகின்றன. இதை ஒரு ஓரக் கறியாக இல்லாமல் இலையின் கால் பங்குக்கு வைத்தால் போதும், சோற்றின் தேவை தானாகக் குறையும். பாசிப்பருப்புப் போட்ட வாழைத்தண்டுக் கூட்டும் அப்படித்தான். வாழைப்பூக் கோலாவில் பருப்பும் நாரும் நிறைய, ஆனால் எண்ணெயில் பொரிப்பது. அதே மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தால் ருசி அதிகம் கெடாது.

அரிசி எந்த அரிசி என்பதும் ஓரளவு முக்கியம். 1918-இல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கினார். நன்றாகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு, தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் போய்விடுவதால் வந்த நோய் அது. அந்த ஆய்வகம் வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று உணவு வழிகாட்டி வெளியிடும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவேதான். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கல் முறையில் அந்த வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசிச் சோறு செரிப்பதும் பொதுவாக மெதுவாகத்தான். அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி, அதிகம் தீட்டாததாகக் கிடைத்தால் இன்னும் நன்று. கவுனி அரிசியில் தவிடு அப்படியே இருப்பதால் நார்ச்சத்து உண்டு. ஆனால் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டியதும் அது விருந்து இனிப்பாகிவிடுகிறது. கவுனியைச் சாப்பிடுகிறேன், உடம்புக்கு நல்லது என்று அந்த இனிப்பையே தினம் சாப்பிடுவது சரியாக வராது. இரவெல்லாம் ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

காலையும் இரவும்

இடியாப்பத்தில் அரிசி மாவைத் தவிர வேறொன்றும் இல்லை. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டால் பதினொரு மணிக்கே பசிக்கும். முட்டைக் குழம்போ பட்டாணிக் குருமாவோ வைத்துச் சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் கிடைக்கிறது. இட்லியில் உளுந்து இருப்பதால் இடியாப்பத்தைவிடத் தேவலை, அதற்கும் சட்னி மட்டும் போதாது, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசியின் மேல் கோபுரமாக உளுந்து வைத்து அளப்பார்கள். மாவு நல்லதுதான், பொரிப்பது எண்ணெயில். விருந்தாளி வரும் நாளுக்கு அது இருக்கட்டும்.

இரவில் பெரும்பாலோர் செய்யும் தவறு வேறு மாதிரி. "ராத்திரி நான் சோறே தொடுவதில்லை, வெறும் தோசைதான்" என்பார்கள். அந்தத் தோசை எண்ணிக்கையைக் கேட்டால் நாலு, ஐந்து. தோசையும் அரிசிதானே! சப்பாத்திக்கு மாறியவர்களும் இப்படித்தான். கோதுமையில் நார் கொஞ்சம் கூடுதல், மாவுச்சத்து ஏறக்குறைய அதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வில் 2025-இல் வெளியான முடிவுகளின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம்தான். அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானிய மாவாகவோ மாற்றியதால் மட்டும் நீரிழிவு வாய்ப்பு குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றினால் வாய்ப்பு குறைவதாகத் தெரிந்தது. ஆகவே ஐந்து தோசையை இரண்டாக்கி, கூட ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டலோ ஆம்லெட்டோ, ஒரு கைப்பிடி காயோ சேர்ப்பதுதான் வழி. கடை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் பரோட்டா சாப்பிடுகிறவர்கள், ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு சுண்டல் சாப்பிட்டுவிட்டால் பரோட்டாவின் எண்ணிக்கை குறையும்.

பலகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். மாவுருண்டை, மனகோலம், அதிரசம், தேன்குழல் எல்லாம் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் வீட்டில் ஆள் கூடிச் செய்தவை. இன்று கடையில் தினமும் கிடைக்கின்றன. டப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் யாராலும் நிறுத்த முடியாது. விசேஷ நாளில் மனநிறைவாகச் சாப்பிடுங்கள், மற்ற நாளில் டப்பாவை வாங்கி வைக்காதீர்கள். டீயில் போடும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கருப்பட்டிக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

விருந்தோம்பல் நம் பெருமை. பந்தியில் "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று சோற்றுக் கரண்டி வரும்போது இலையை மறைத்தால் பரிமாறுகிறவருக்கு வருத்தமாக இருக்கும். "போதும்" என்பதற்குப் பதில் "ஆச்சி, அந்தக் கூட்டு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேளுங்கள். அவர்களுக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் காய் கிடைக்கும்.

எடை சரியா என்று எப்படித் தெரியும்

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். இந்தியர்களுக்கு 18.5-இலிருந்து 23-க்குள் இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 47 கிலோவிலிருந்து 59 கிலோவரை. ஐரோப்பியர்களுக்கு 25 வரை பரவாயில்லை என்கிறார்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, நீரிழிவும் சீக்கிரம் வருகிறது, அதனால்தான் இந்த வேறுபாடு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80-க்குள்ளும் இருக்கட்டும். ஒல்லியாகத் தெரிந்து தொப்பை மட்டும் இருப்பவர்கள் எடை எந்திரத்தைவிட அளவு நாடாவை நம்புவது நல்லது.

குறைக்க வேண்டியிருந்தால் மெதுவாகக் குறையுங்கள். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி சேமிப்பு இருக்கிறது. நாளைக்கு 300, 400 கலோரி குறைத்தால் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ. ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைத்தேன் என்பவர்கள் இழப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தூக்கமும் இதில் சேரும். சரியாகத் தூங்காத மறுநாள் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்க வேண்டாம். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. நம் பகுதியில் நேர்மாறான ஒரு கூட்டமும் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் ஆயாவோ ஐயாவோ தனியாக இருக்கிறார்கள். ஒருவருக்காக என்ன சமைப்பது என்று ரசமும் சோறும், இரவில் டீயும் ரஸ்க்கும். எடை குறைகிறது என்று சிலர் மகிழ்கிறார்கள். உண்மையில் குறைவது தசை. தசை குறைந்தால் படி ஏற முடியாது, விழுந்தால் எலும்பு முறியும்.

வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 55 கிலோ எடைக்கு 45 கிராமுக்கு மேல். ரசச் சோற்றில் அது வரவே வராது. பல் இல்லாவிட்டாலும் சாப்பிடக்கூடியவை நிறைய இருக்கின்றன: குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், கெட்டித் தயிர். ஆடி மாதத்தில் கிண்டும் கும்மாயம் வறுத்த உளுந்து மாவில் செய்வது. கருப்பட்டியையும் நெய்யையும் பாதியாகக் குறைத்து, பாலில் கொஞ்சம் தளரக் கிண்டினால் பெரியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு "இன்னைக்குப் பருப்பா, முட்டையா?" என்றும் கேளுங்கள். வறுத்து அரைத்த உளுந்து மாவை ஊருக்கு வரும்போது ஒரு டப்பா நிறைய அரைத்து வைத்துவிட்டுப் போனால், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.